தொடும் கருணையும் தொடாத கருணையும்

பெருநகரத்தின் ஓரத்தில், பொதுமக்களின் நன்கொடையாலும் சில நல்லோரின் இடைவிடாத உழைப்பாலும் நடந்துவரும் ஒரு பிராணிகள் காப்பகத்தின் வாயிலில் ஒரு காலைப் பொழுது மட்டும் நின்று பார்ப்பவருக்கு, மனிதன் தன்னோடு வாழும் ஜீவராசிகளுக்கு என்னென்ன செய்துவைத்திருக்கிறான் என்பது வேறெந்த நூலையும் படிக்காமலே விளங்கிவிடும். லாரியில் அடிபட்டு இடுப்பெலும்பு நொறுங்கிய தெருநாய். காதுக்குள் புழு வைத்த புண்ணோடு தலையைச் சாய்த்தபடியே நடக்கும் பூனை. குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பைகளைத் தின்று தின்று வயிறு இறுகி, அசைபோடவும் இயலாமல் படுத்துவிட்ட பசு. காற்றாடியின் மாஞ்சா நூல் அறுத்த சிறகோடு அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வெறித்துப் பார்க்கும் பருந்து. பகலில் வெளிப்பட்டுவிட்ட குற்றத்துக்காகக் காக்கைகள் கூடிக் கொத்தித் துரத்த, எவர் வீட்டு மொட்டைமாடியிலோ வந்து விழுந்த கூகை. சிறகு கத்தரிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கம்பிக்கூட்டில் இருந்து பறக்கவே மறந்துபோன பச்சைக்கிளி. இவை யாவும் ஒரே வாயிலின் வழியாக, அபயம் ஒன்றையே யாசித்து உள்ளே வருகின்றன.

வந்து சேரும் வாயில் ஒன்றாயினும், இவற்றுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்றன்று. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனுடைய அடுப்பங்கரையின் ஓரத்திலேயே வளர்ந்து, அவனுடைய குரலையும் முகக்குறிப்பையும் படிக்கக் கற்று, காட்டு வாழ்க்கையை அறவே துறந்துவிட்ட நாய்க்கு, அவனுடைய கையே கதி. அந்தக் கை விலகிப்போவதே அதற்கு நேரக்கூடிய மிகப் பெரிய துன்பம். பருந்துக்கோ, அடிபட்ட சிறகு ஆறும் வரையில் வேண்டியிருக்கும் அதே கை, ஆறிய மறுகணம் எவ்வளவு தொலைவில் விலகிப்போகுமோ அவ்வளவுக்கு நன்மை. வீட்டு விலங்குக்குச் செய்யும் தருமம் அணைத்துக்கொள்வதில் இருக்கிறது. வனவிலங்குக்குச் செய்யும் தருமம், அணைத்துக்கொள்ளத் துடிக்கும் மனத்தை அடக்கிக்கொள்வதில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில், சில வேளை ஒரே மனிதரின் இரு கைகளால் இவ்விரண்டையும் நடத்திவருவதே இத்தகைய காப்பகங்களின் பணி. அதன் கடினத்தைப் பொதுமக்களும் அரசாங்கமும் இன்னும் உள்ளபடி உணர்ந்துகொள்ளவில்லை என்பது என் துணிபு.

பிராணிகளுக்கு வைத்தியமும் அடைக்கலமும் அளிப்பது இத்தேசத்துக்குப் புதிய சங்கதி அன்று. மனிதருக்கும் விலங்குகளுக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததை அசோகச் சக்கரவர்த்தி தம் பாறைச் சாசனத்தில் பொறித்துவைத்திருக்கிறார். கிழ மாடுகளுக்கும் நொண்டிக் குதிரைகளுக்கும் குஜராத்தி வணிகப் பெருமக்கள் அமைத்த பிஞ்சராப்போல்கள் பல நகரங்களில் இன்றும் நடைபெறுகின்றன. வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையைத் திறந்த வள்ளலார், ஜீவகாருண்யத்தையே ஆன்ம லாபத்துக்கு முதற்சாதனமாக உபதேசித்தார். ஆனால், இரக்கம் என்ற உணர்ச்சியை ஒரு ஸ்தாபனமாகவும், சட்டமாகவும், அறுவைக்கூடமாகவும் மாற்றிய கதை நம்முடைய காலத்தது. அதிலும் பெரும்பகுதி சென்னையிலேயே நிகழ்ந்தது.

1959ஆம் ஆண்டு தியாகராய நகரில் வெள்ளம் பெருகிய ஒரு நாளில், நீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுசென்ற விமானி கேப்டன் சுந்தரமும், தாமும் விமானியாகிய அவருடைய மனைவி உஷா சுந்தரமும் தொடங்கியதே ப்ளூ கிராஸ் என்னும் சங்கம். வீட்டு வராந்தாவில் ஆரம்பித்த அந்தப் பணி, பின்னர் கிண்டியில் வேளச்சேரி சாலையோரம் பெரிய காப்பகமாக வளர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மாநிலங்கள் அவையின் உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றை 1953இல் கொண்டுவந்தார். அரசாங்கமே முழுமையான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதை அவர் திரும்பப் பெற்றார். அந்த உறுதியின் பலனே 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராகி, பல்லாண்டு காலம் அதைச் சென்னையிலிருந்தே நடத்திவந்தார். பரதநாட்டியத்துக்கு அந்த அம்மையார் செய்த சேவையைப் போற்றுவோர் அநேகர். வாயில்லா ஜீவன்களுக்கு அவர் வாங்கிக்கொடுத்த சட்டப் பாதுகாப்பையும் அதற்கு நிகராக வைத்து நினைப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் ஒரே வழியாக இருந்த நாளில், 1964ஆம் ஆண்டிலேயே ப்ளூ கிராஸ் சங்கத்தார் வேறொரு வழியை எடுத்துரைத்தார்கள். கொல்லக் கொல்ல நாய்கள் குறையவில்லை என்பது எவர் கண்ணுக்கும் பிரத்தியட்சமாக இருந்தது. காரணமும் எளிதே: ஒரு தெரு எத்தனை நாய்களைத் தாங்கும் என்பதை நிர்ணயிப்பது அத்தெருவின் குப்பைத் தொட்டியும் எச்சில் இலையுமே. பத்து நாய்களைக் கொண்டுபோனால், அவை தின்றுவந்த உணவு மிச்சப்படுகிறது, மிச்சப்பட்ட உணவைத் தேடி அடுத்த தெருவின் நாய்கள் வருகின்றன, அகப்படாமல் தப்பிய பெட்டை ஈனும் குட்டிகளில் முன்னிலும் அதிகமானவை பிழைத்துக்கொள்கின்றன, புதிதாக வந்தவையோ தடுப்பூசி போடாதவை, அந்தத் தெருவின் மனிதரோடு பழகாதவை. ஆகவே பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதோரத்தில் சிறு வெட்டு வைத்து, எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில் கொண்டுவிடுவதே விவேகம் என்று அவர்கள் வாதித்தார்கள். இந்த வாதம் சென்னை மாநகராட்சியின் காதில் ஏறுவதற்கு 1996 வரை காலம் பிடித்தது. 2001இல் அதுவே தேசம் முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் அந்த விதிகள் திருத்தி எழுதப்பட்டன.

அப்படியானால் இன்றும் தெருவில் இத்தனை நாய்கள் ஏன் என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்; அவர் கேட்பது நியாயமே. சென்னையில் 2024ஆம் ஆண்டு எடுத்த கணக்கு, ஏறக்குறைய 1,80,000 தெருநாய்கள் இருப்பதாகவும், அவற்றுள் கருத்தடை ஆனவை நூற்றுக்கு 27 என்ற அளவிலேயே நிற்பதாகவும் காட்டியது. வெறிநோயைப் பொறுத்தவரை, ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70 அளவுக்குத் தடுப்பூசி போட்டால்தான் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் உள்ளிட்ட எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. கருத்தடையும் அதைப்போலவே, குறுகிய காலத்துக்குள் மிகப் பெரும்பான்மையை எட்டாவிட்டால், விடுபட்ட சிலவற்றின் குட்டிகளே அதுவரை செய்த வேலையையெல்லாம் அழித்துவிடும். பத்து நாள் உட்கொள்ள வேண்டிய மருந்தை மூன்று நாளோடு நிறுத்திவிட்டு, வைத்தியம் பலிக்கவில்லை என்று வைத்தியரை நொந்துகொள்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இந்த வாதத்தின் நடுவே, நாய்கடிபட்ட குழந்தையின் தாயை ஜீவகாருண்யம் அறியாதவள் என்று பழிக்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வெறிநோய் ஒரு முறை அறிகுறி காட்டிவிட்டால், அநேகமாக மரணத்தைத் தவிர அதற்கு வேறு முடிவு இல்லை. மனிதருக்கு அது வருவதில் நூற்றுக்கு 99 நாயின் மூலமாகவே வருகிறது. தண்ணீரைக் கண்டு நடுங்கும் அந்த நோயாளியின் அவஸ்தையை ஒரு முறை பார்த்தவர், தெருவில் நாயைக் கண்டதும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வது கொடுமை ஆகாது. நாய்க்குப் போடும் தடுப்பூசி அந்தக் குழந்தைக்குப் போடும் காவல்தான் என்பதைக் காப்பகத்தார் சளைக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். பிராணி நேசர்களும், தெருவில் உணவு வைப்பதோடு தங்கள் கர்த்தவ்யம் முடிந்ததாக எண்ணாமல், உணவு வைக்கும் ஒவ்வொரு நாயையும் அறுவைக்கும் ஊசிக்கும் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடலாகாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தேசமெங்கும் எழுந்த விவாதத்தில் காப்பகம் என்பது என்ன என்ற கேள்வியை மட்டும் எவரும் போதிய அளவு எழுப்பவில்லை. பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடலாம் என்று அதைத் திருத்தியது; நவம்பரில், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே மீண்டும் விடலாகாது என்றும் ஆணையிட்டது. குழந்தைகளும் நோயாளிகளும் கூடும் இடங்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், லட்சக்கணக்கான நாய்களை ஆயுள் முழுவதும் அடைத்துவைக்கும் இடம் காப்பகம் ஆகாது. நெருக்கமாக அடைத்த கூண்டுகளில் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்று நோய்கள் ஓர் ஓரத்தில் தோன்றினால் சில நாளில் மறு ஓரம் வரை பரவிவிடும். ஒன்றையொன்று அறியாத நாய்கள் கடித்துக் குதறிக்கொள்ளும். அறுவைக்கு வைத்திருந்த பணமும் வைத்தியர்களும் தீனிக்கும் துப்புரவுக்குமே தீர்ந்துபோய், தெருவில் எஞ்சியவை பெருகிக்கொண்டே இருக்கும். காப்பகத்தின் கொட்டில், காலொடிந்தவற்றுக்கும் கண்ணிழந்தவற்றுக்கும் முதுமையடைந்தவற்றுக்கும் உரியது. உடல் நலமுள்ள நாய்க்கு அது வந்து, தங்கி, திரும்பிச் செல்லும் இடமாகவே இருக்க வேண்டும்.

இனி, அதே வாயிலின் வழியே வந்த மற்றவற்றைப் பார்ப்போம்.

மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துத் தமிழுலகம் போற்றுகிறது; அந்த நெஞ்சின் ஈரத்தை நானும் வணங்குகிறேன். ஆனால், வனவுயிர்களைப் பேணும் காப்பகத்தில் பணி செய்கிறவர், பேகனுடைய நெஞ்சைப் பெற்றிருப்பதோடு, போர்வையை எடுப்பதற்கு முன் அது மயிலுக்கு வேண்டுமா என்று ஆராய்ந்து பார்க்கும் அறிவையும் பெற்றிருக்க வேண்டும். கோடைகாலத்தில் இக்காப்பகங்களுக்குக் கொண்டுவரப்படும் பறவைக் குஞ்சுகளில் பல, உண்மையில் அநாதைகளே அல்ல. பறக்கப் பழகும் பருவத்தில் கூட்டை விட்டுத் தரையில் இறங்கித் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சுக்குத் தாயும் தந்தையும் பக்கத்துக் கிளையிலிருந்தே இரை ஊட்டிக்கொண்டிருக்கும்; அதைக் கண்டு இரங்கிய மனிதர், பெற்றோரிடமிருந்து பிரித்துத் துணியில் சுற்றி எடுத்துவந்து விடுகிறார். புதரில் அசையாமல் படுத்திருக்கும் மான்கன்றும் அப்படித்தான். பகைவிலங்கின் கண்ணில் படாதிருக்கத் தாய் அதை அங்கே மறைத்துவைத்து மேயச் சென்றிருக்கும். எடுத்த இடத்திலேயே, அல்லது அருகிலுள்ள கிளையில், உடனே கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள் என்று தொலைபேசியில் சொல்வதே இவற்றில் பாதிக்குக் காப்பகத்தார் செய்யும் சிகிச்சை.

மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எறிகிறவர்கள், தாங்கள் புண்ணியம் செய்வதாகவே நம்புகிறார்கள். காட்டில் நாளெல்லாம் இலையும் காயும் பூச்சியும் தேடித் திரிய வேண்டிய கூட்டம், அதன் விளைவாகச் சாலையோரத்திலேயே குடியேறி, வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுச் சாகிறது; பை வைத்திருப்போரையெல்லாம் பாய்ந்து பிடுங்கக் கற்கிறது; பிறகு அதே மனிதர்கள் குரங்குத் தொல்லை என்று வனத்துறைக்கு மனுக் கொடுக்கிறார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து அன்போடு பேசப் பழக்கும் வீடுகளில், அந்தக் கிளி வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது, அதை வைத்திருப்பது குற்றம் என்று தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்பு குறைந்ததால் விளைந்த கேடு அல்ல இது. அன்பு தன் எல்லையை அறியாததால் விளைந்தது.

அந்த எல்லையை அறிந்து நடக்கும் காப்பகத்துக்கு உதாரணமாக நான் அஸ்ஸாம் மாநிலத்தில் காசிரங்காவின் அருகே போர்ஜுரியில் உள்ள வனவுயிர் மறுவாழ்வு மையத்தைக் கூறுவேன். இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் விலங்கு நலத்துக்கான சர்வதேச நிதியமும் மாநில வனத்துறையோடு சேர்ந்து 2002இல் அதைத் தொடங்கின. ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா கரைபுரளும்போது, காண்டாமிருகக் கன்றுகளும் யானைக்கன்றுகளும் மான்களும் தாயைப் பிரிந்து வெள்ளத்தில் அடித்துவரப்படுகின்றன. பாலுக்கு அழும் யானைக்கன்றுக்கு இரவும் பகலும் வேளை தவறாமல் புட்டியில் பால் கொடுத்து, தாயின் உடற்சூடு இல்லாத குறையைப் போக்கக் கம்பளி போர்த்தி, அங்கே அதைப் பேணுகிறார்கள். பேகனுடைய போர்வை உண்மையிலேயே வேண்டியிருக்கும் இடம் அது. ஆனால் அந்தக் கன்று வளர வளர, மனிதரின் நடமாட்டம் அதைச் சுற்றிப் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. பார்வையாளர் கூட்டத்துக்கு அங்கே இடமில்லை. தன் இனத்தோடு கூட்டாக வாழப் பழக்கிய பிறகு, காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். 2002ஆம் ஆண்டு வெள்ளத்தில் மீட்கப்பட்ட மைனாவோ என்னும் பெண் காண்டாமிருகக் கன்று, 2006இல் மானஸ் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆயுதக் கலவரங்கள் நிகழ்ந்த காலத்தில் வேட்டைக்காரர்களால் காண்டாமிருகமே இல்லாமல் போய்விட்ட காடு மானஸ். அங்கே மைனாவோவும், அதைப்போலவே கையால் வளர்க்கப்பட்ட வேறு சிலவும், பின்னாளில் கன்று ஈன்றன. புட்டிப்பால் ஊட்டி வளர்த்த ஊழியர், தாம் வளர்த்த பிராணி தம்மை மறந்துவிட வேண்டும் என்பதையே தம் உழைப்பின் பயனாக வேண்டிக்கொள்கிறார். இதனினும் தூய பற்றின்மை எதுவென்று நான் அறியேன்.

காட்டுக்குத் திரும்பவே இயலாதவையும் உண்டு. அவற்றின் நிலையே எல்லாவற்றிலும் பரிதாபகரமானது. வட இந்தியச் சாலைகளில் நூற்றாண்டுக் கணக்காக நடந்துவந்த கரடியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். தாயைக் கொன்று பறித்த கரடிக்குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்து, அந்தப் புண்ணின் வழியே கயிற்றைக் கோத்து, பற்களை உடைத்து, நகங்களை அகற்றி, கயிறு இழுபடும் வேதனைக்கு அது துள்ளுவதையே ஆட்டமென்று காட்டிப் பணம் பெற்றார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியும், கரடியைப் பறிமுதல் செய்தால் கொண்டுபோய் வைப்பதற்கு இடமில்லாமையால், சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. கார்த்திக் சத்தியநாராயணனும் கீதா சேஷமணியும் 1995இல் தொடங்கிய வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பு, ஆக்ரா அருகே கீதம் ஏரியை ஒட்டிய வனப்பகுதியில் அந்த இடத்தை உண்டாக்கியது. 2009இல் கடைசி ஆட்டக்கரடியான ராஜு பன்னேர்கட்டாவில் உள்ள காப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது, மீட்கப்பட்ட கரடிகளின் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியிருந்தது. பல்லும் நகமும் இல்லாத கரடி, கறையான் புற்றைத் தோண்டவோ, தற்காத்துக்கொள்ளவோ இயலாது. கண்புரையும் காசநோயும் அவற்றில் பலவற்றைப் பீடித்திருந்தன. காடு அவற்றுக்கு அடைந்துவிட்ட கதவு. ஆகவே கேழ்வரகுக் கஞ்சியும் பழமும் கொடுத்து, ஏறுவதற்கு மரமேடையும் தோண்டுவதற்கு மண்ணும் வைத்து, ஆயுள் முழுவதும் அவற்றைப் பராமரிப்பதே செய்யத்தக்க பிராயச்சித்தம்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது கரடிகளின் கதை மட்டும் அன்று. கரடியாட்டமே குலத்தொழிலாயிருந்த கலந்தர் வகுப்பாரைக் கொடியவர் என்று ஒதுக்கிச் சிறைக்கு அனுப்புவதோடு அந்த அமைப்பு நின்றுவிடவில்லை. கரடியை ஒப்படைக்கும் குடும்பத்துக்கு வேறு தொழில் தொடங்க முதல் கொடுத்தது. அவர்களுடைய பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்றுவித்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அந்த வகுப்பாரில் சிலர், தாங்கள் ஆட்டிவைத்த கரடிகளையே பேணும் ஊழியர்களாகவும் ஆனார்கள். வயிற்றுப் பசியால் ஒரு மனிதன் செய்யும் கொடுமையை, அவன் பசியைத் தீர்க்காமல் ஒழிக்க முடியாது. மிருகத்திடம் காட்டும் இரக்கம் மனிதனிடம் வற்றிப்போகுமானால், அது இரக்கமே அன்று என்பதை நம் நாட்டில் இவ்வளவு தெளிவாகச் செய்துகாட்டிய வேறொரு முயற்சியை நான் கேள்விப்படவில்லை.

இருவகைக் கருணையும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் காண ஆக்ராவுக்கோ அஸ்ஸாமுக்கோ செல்ல வேண்டியதில்லை. கிண்டிக்குச் சென்றால் போதும். நகரத்தின் நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவும், அதை ஒட்டிய கல்வி வளாகங்களின் காடுகளும் புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் எஞ்சிய புகலிடமாக இருக்கின்றன. அந்தக் காட்டுக்குள் தெருநாய்கள் புகுந்து மான்களைத் துரத்திக் கடிப்பது பன்னெடுங்காலத் துயரம். மானுக்காக இரங்குவோர் நாயை வெறுக்க, நாய்க்காக இரங்குவோர் மானின் சாவைப் பேசவே மறுக்க, இரு தரப்பாரும் ஒருவரையொருவர் கருணையற்றவர் என்று தூற்றுவது மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன்: காட்டில் மானுக்கே முதல் உரிமை. நாய்க்கு நகரம் முழுவதும் இடம் உண்டு. வெளிமானுக்கு அந்தச் சிறு பரப்பை விட்டால் இந்நகரில் வேறு போக்கிடம் இல்லை. ஆகவே வனத்தின் எல்லைக்குள் நாய்களுக்கு உணவு வைக்கலாகாது. உள்ளே உள்ளவற்றைத் துன்புறுத்தாமல் பிடித்து, வேறிடத்தில் முறையாகப் பராமரிக்க வேண்டும். வளாகங்களின் உணவுக்கூடக் கழிவை நாய்க்கும் குரங்குக்கும் எட்டாதவாறு மூட வேண்டும். பிடித்ததோடு கைகழுவி, நெருக்கடியான கொட்டில்களில் அவற்றைச் சாகவிடுவது ஒரு பாவத்தை நீக்க மற்றொரு பாவத்தைச் செய்வதாகும்.

கடற்கரையிலும் இதே பாடம் வேறு வடிவில் கிடைக்கிறது. 1988 முதல் மாணவர்கள் தாமாகவே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஜனவரி தொடங்கிக் கோடை வரையில், இரவு நேரங்களில் நீலாங்கரையிலிருந்து வடக்கு நோக்கி மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்டுச்சென்ற முட்டைகளை நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் காப்பாற்றிப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் குஞ்சுகள் வெளிவந்ததும், கரையின் மின்விளக்குகள் அவற்றைத் திசை மயக்காதபடி காத்து, கடலுக்குள் எடுத்து விடாமல், மணலில் தாமே ஊர்ந்துசெல்ல விடுகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகளின் சடலங்கள் ஒதுங்கியபோது, இளைஞர்களின் பிரயத்தனம் எதுவும் அதைத் தடுக்க முடியவில்லை. கரையையொட்டி இழுவை மடிகள் ஓட்டலாகாது என்ற விதியைக் கடலில் நிலைநாட்டும் வல்லமை அரசாங்கத்துக்கே உண்டு. மூச்சு வாங்க மேலே வர இயலாமல் வலைக்குள் மூழ்கிச் செத்த தாய் ஆமைக்குப் பதிலாக எந்தப் பொரிப்பகமும் வேறொரு தாயைப் படைத்துத் தராது.

தர்ம ஸ்தாபனங்கள் எவ்வளவு தொண்டு செய்தாலும் அரசாங்கத்தின் கடமையை அவை ஈடுசெய்ய முடியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று 1976இல் அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்த்துவைத்தோம். அந்தக் கடமையைப் பலருக்காகச் சிலர் சுமக்கிறார்கள். காப்பகத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தீனி, மருந்து, மயக்க மருந்து, எக்ஸ்ரே, மீட்பு வண்டியின் டீசல், ஊழியர் சம்பளம் என்று ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே தெரிந்த செலவுகளே நிறைந்திருக்கும்; வரவோ, எவருக்கு எப்போது மனம் இரங்கும் என்பதைப் பொறுத்தது. பண்டிகை நாளிலும் பிறந்த நாளிலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பிஸ்கட்டை விட, மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகை காப்பகத்துக்குப் பேருதவி. நாய்க்குட்டியை விலை கொடுத்து வாங்கிச் சில மாதங்கள் கொஞ்சிவிட்டு, வீடு மாறும்போது இரவோடிரவாகக் காப்பகத்தின் வாயிலில் கட்டிவிட்டுப் போகிறவர்களின் செயலுக்கு, எந்த நன்கொடையும் ஈடாகாது.

வள்ளலாரின் இருநூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி, ஆதரவற்ற பிராணிகளைப் பேணும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்ற பெயரில் தமிழக அரசு 20 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. நற்பெயரோடு தொடங்கிய அத்திட்டம் கட்டடங்களாக மட்டும் நின்றுவிடாதிருக்கச் சில ஏற்பாடுகள் உடனே வேண்டும். தொண்டு நிறுவனங்கள் செய்யும் ஒவ்வொரு கருத்தடை அறுவைக்கும் உரிய தொகை, மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்காமல், வேலை முடிந்த மாதமே கிடைக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் கற்பதோடு, கூகைக்கும் நரிக்கும் குரங்குக்கும் வைத்தியம் கற்க, இக்காப்பகங்களில் கட்டாயமாகச் சில காலம் பணியாற்ற வேண்டும். அரசின் உதவி பெறும் ஒவ்வொரு காப்பகத்திலும், நாய்களின் குரைப்பு எட்டாத தொலைவில், மனிதரின் பேச்சொலி கேட்காத மறைவில், காட்டுயிர்களுக்கென்று தனிக் கொட்டிலும், பறவைகள் சிறகை விரித்துப் பழக நீண்ட வலைக்கூடமும், அவற்றை விடுவிக்க வேண்டிய காட்டைத் தேர்ந்து சொல்ல வனத்துறையின் அலுவலர் ஒருவரும் இருந்தாக வேண்டும். இன்று பல இடங்களில், நாய்க்கூண்டுக்குப் பக்கத்திலேயே, துணி போர்த்திய பெட்டிக்குள் பருந்தும் கூகையும் அஞ்சி ஒடுங்கிக் கிடக்கின்றன. இடமும் பணமும் இல்லாமையால் அவ்வாறு வைத்திருக்கும் ஊழியர்கள் அதற்காகப் படும் வேதனையை, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை எழுதுகிறவர்கள் நேரில் சென்று கேட்டறிய வேண்டும்.